எத்தனை டிகிரி?

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது 'கணிப்பொறியும் மனித வாழ்வும்' என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தத் தலைப்பு போன மலரிலும் வந்தது, அதற்கு முந்தின மலரிலும் வந்தது. ஆகவே நண்பர்களே, இந்த முறை நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

எங்கள் வீடு அம்பத்தூரில், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். எதிர் வீட்டு அக்கா கல்யாண ஆல்பமும் வீடியோவும் எடிட் செய்து கொடுப்பவர். ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பதை வீட்டிலேயே உட்கார்ந்து முடித்துத் தருவார். போன வைகாசியில், சரியான முகூர்த்த சமயத்தில், அவருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. சும்மா இருந்தால் நன்றாக ஓடும். வீடியோவை ரெண்டர் போட்டால் கால் மணி நேரத்தில் கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் கத்தும், திரை கருத்துப்போகும்.

"தம்பி, நீதான் பாலிடெக்னிக் படிக்கிறியே, என்னான்னு பாரேன்" என்றார்.

போனேன். கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, பெரிய டாக்டர் மாதிரி, "கார்டு அவுட்டுக்கா, மாத்திடணும்" என்றேன். மொத்தம் ஐந்து நிமிடம்!

ரிச்சி தெருவுக்கு அழைத்துப்போய் 6,500 ரூபாய்க்கு செகண்ட்ஹேண்ட் கார்டு வாங்கினோம். சீட்டுப் பணம். பழைய கார்டை எக்ஸ்சேஞ்சில் 800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தோம். மாட்டினோம், இரண்டு நாள் ஜம்மென்று ஓடியது. மூன்றாம் நாள் அதே கதை, அதே கறுப்புத் திரை.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த மாமா (அக்காவின் வீட்டுக்காரர்) என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பழைய கார்டு எத்தனை டிகிரி போச்சு, தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. நான் பார்க்கவே இல்லையே! மாமா எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். வெர்னியர் வைத்துப் பார்க்காமல் ஒரு ஜாபில் கை வைக்க மாட்டார். 1964-இல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டை இப்படி அளந்து வேலை செய்யும் கைகளால்தான் பெயர் வாங்கியது. டிப்ளமோ படிக்கும் நானோ, கையை வைத்துப் பார்த்துத் தீர்ப்பு சொன்னேன்.

மறுநாள்தான் உருப்படியாக உட்கார்ந்தேன். முதலில் அறை வெப்பத்தை அளந்தேன், 37 டிகிரி. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ரெண்டரையும் ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை நோட்டில் குறித்தேன். கார்டு மெல்ல மெல்ல ஏறிப் பன்னிரண்டாவது நிமிடத்தில் 94-ஐத் தொட்டது. அப்படியே நிறுத்தி, ஆறவிட்டு, சைடு கவரைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஓட்டினேன். 79-க்கு மேல் போகவில்லை!

இந்த நாலைந்து எண்கள் பேசுவதைக் கேளுங்கள். ஹீட் சிங்க் சரியாக ஒட்டாமலோ, தெர்மல் பேஸ்ட் காய்ந்தோ இருந்தால், வேலை கொடுத்த சில விநாடிகளிலேயே வெப்பம் குபீரென்று ஏறும். கவரைத் திறந்தாலும் அவ்வளவாகக் குறையாது. மெல்ல ஏறி, கவர் திறந்ததும் 15 டிகிரி இறங்குகிறது என்றால் கோளாறு கார்டில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது. புது கார்டு இரண்டு நாள் நன்றாக ஓடிய ரகசியமும் அப்போதுதான் புரிந்தது. அந்த இரண்டு நாளும் கவர் மாட்டவே இல்லை. மூன்றாம் நாள்தான் அக்கா மாட்டியிருக்கிறார்.

சரி, காற்று எங்கே அடைபட்டது? சாமி அலமாரியிலிருந்து ஓர் ஊதுவத்தியை எடுத்துக் கொளுத்தி, கேபினெட்டின் பின்பக்க ஃபேனுக்கு நேராகப் பிடித்தேன். புகை வெளியே தள்ளப்பட வேண்டும். அது உள்ளே போனது! ஃபேன் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. முன்பக்க வலையில் தூசி அப்பிக் கிடந்தது. பின்னாலும் காற்று உள்ளே, முன்னாலும் வழியில்லை. சூடான காற்றையே கார்டு திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஃபேனைத் தலைகீழாக மாட்டியது யார் தெரியுமா? நான்தான். அதற்கு முந்தின ஆயுத பூஜைக்கு, சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று கழற்றி மாட்டியவன் நானேதான். பல ஃபேன்களின் சட்டத்தில் காற்றுப் போகும் திசைக்கு அம்புக்குறியே போட்டிருக்கும். அதைக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் செய்த தப்பு வைகாசியில் ஏன் வெளிப்பட்டது? கார்டின் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழியுங்கள். 94-இல் 37 போனால் 57. அறை 28 டிகிரியாக இருந்த மாதங்களில் அதே 57 சேர்ந்து 85-தான். கார்டு எப்படியோ தாக்குப்பிடித்தது. கத்திரி வெயில் வந்ததும் மாட்டிக்கொண்டது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. குளிர்தேசத்துக்காரர் '70 டிகிரிதான் நார்மல்' என்று சொன்னால், அவருடைய அறை எத்தனை டிகிரி என்று கேளுங்கள். ஆவடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஃபேனைத் திருப்பி, வலையைத் துடைத்து, கவரை மாட்டியே ஓட்டினேன். 80 டிகிரியில் நின்றது. செலவு ஒரு பைசா இல்லை.

கார்டுகள் சூட்டால் சாவதே இல்லை என்று நான் வாதாடவில்லை. 2008-இல் என்விடியா நிறுவனமே தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் பேக்கேஜிங் பலவீனம் இருப்பதாக ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, இணைப்புகள் விட்டுப்போகலாம். குளிர்ந்திருக்கும்போதே திரையில் கோடும் புள்ளியும் வந்தால் கார்டைச் சந்தேகப்படலாம். வெப்பம் ஒழுங்காக இருந்தும் மெஷின் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்க்கலாம். எதுவானாலும் அளந்த பிறகு சொல்ல வேண்டும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது? லேபிலிருந்துதான். ஓம் விதி சோதனையில் ஐந்து ரீடிங் எடுத்துவிட்டு, கிராஃப் நேர்கோடாக வருவதற்கு வசதியாக மீதி ஐந்தை 'நிரப்பியது' யார்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியது யார்? நான் மட்டும்தானா? கையெழுத்து வாங்கியாச்சு, மார்க்கும் வந்தாச்சு. ஆனால் எடுக்காத ரீடிங்கை எழுதிப் பழகிய கை, பார்க்காத கோளாறையும் தைரியமாகச் சொல்லிவிடுகிறது. லேபில் அதற்கு நஷ்டமில்லை. அக்கா வீட்டில் 5,700 ரூபாய் நஷ்டம்.

ஆகவே பேரவைக்கு ஒரு யோசனை. வரும் ஆயுத பூஜைக்கு மைக் செட்டும் பொரியும் இருக்கட்டும். கூடவே, சுற்று வட்டார வீடுகளின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு நாள் இலவச சர்வீஸ் முகாம் நடத்துவோம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சீட்டு, அதில் நான்கு எண்கள்: அறை வெப்பம், சும்மா இருக்கும்போது, வேலை கொடுத்தபோது, கவர் திறந்தபோது. அந்த நான்கையும் நிரப்பாமல் எவரும் 'அவுட்டு' என்ற வார்த்தையை உச்சரிக்கக் கூடாது!

உண்மையை அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மவுசை விட்டுக் கையை எடுக்காமலே, "அடுத்த தடவை பாத்துட்டுச் சொல்லுப்பா" என்றார்.

மூன்று வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த நல்ல பாடம் அதுதான். பணத்தை மாதம் 500 வீதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஏழு மாதம் பாக்கி.

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை