வைக்கோற்போரில் ஒரு குடித்தனம்

சித்திரை மாதத்தில் ஒரு நாள். வெண்ணாற்றங்கரையிலுள்ள என் தமக்கையாரின் கிராமத்துக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பகல் போஜனம் முடிந்து, திண்ணையில் துண்டை விரித்துச் சற்றே கண்ணயரலாம் என்று உத்தேசித்த சமயத்தில், கொல்லைப்புறத்திலிருந்து "பாம்பு! பாம்பு!" என்று பெருங் கூக்குரல் எழுந்தது. நம் நாட்டில் இந்த ஒரு சொல்லுக்குள்ள மகிமை வேறு எதற்கும் கிடையாது. சாப்பிடப் பத்துத் தரம் கூப்பிட்டாலும் வராத பிள்ளைகள், இச் சொல் ஒரு தரம் காதில் விழுந்தால் தெருக்கோடியிலிருந்து பறந்து வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் நானும் போனேன்.

மாட்டுக்கொட்டகைக்கு அப்பால், வைக்கோற்போரின் அடியில் இரண்டு பாம்புகள். ஒவ்வொன்றும் ஆள் நீளத்துக்குக் குறையாது. புரிக்கயிறு போல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, தரையிலிருந்து இரண்டு முழ உயரம் எழும்பி நின்றன. ஒன்றின் தலையை மற்றொன்று அழுத்திக் கீழே தள்ளும். தள்ளுண்டது மறுபடியும் நிமிரும். எதிரே நாற்பது பேர் நிற்பதை அவை இலட்சியமே செய்யவில்லை.

"சாரையும் நல்ல பாம்பும் பிணைகின்றன. யாராவது ஒரு புது வேஷ்டியைக் கொண்டு வந்து விரியுங்கள். அதை எடுத்துப் பெட்டியில் வைத்தால் அஷ்ட ஐசுவரியமும் வரும்!" என்றார் எதிர் வீட்டுப் பாட்டியார்.

என் தமக்கையாரும் உள்ளே ஓடினார். ஆனால் வேஷ்டி வருவதற்கு முன் மூங்கிற் கழி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வாலிபன் ஒருவன் ஓங்கிப் போட்ட அடியில் ஒரு பாம்பு முதுகு முறிந்து துடித்தது. மற்றொன்று கண் மூடித் திறப்பதற்குள் போருக்கடியில் மறைந்தது. அந்த வாலிபனுக்கு அன்று ஊரில் ஏக மரியாதை.

செத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். படமில்லை, பெரிய கண், உதட்டோரத்தில் கறுப்புக் கோடுகள். சுத்தமான சாரை. தப்பி ஓடியதும் அதே ஜாதிதான். சாரையும் நல்ல பாம்பும் கூடுகின்றன என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வருவது அழகான கதை, உண்மை அன்று. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. சமயம் வாய்த்தால் நல்ல பாம்பு மற்றப் பாம்புகளைப் பிடித்துத் தின்றுவிடும். இதில் கலியாணம் எங்கிருந்து வரும்? நாங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். பெண்ணின் பொருட்டோ எல்லையின் பொருட்டோ அவை இவ்விதம் முறுக்கிக்கொண்டு பலம் பார்க்கும். தோற்றது தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்விடும். நம்முடைய எல்லைத் தகராறுகள் எத்தனை வருஷம் நீதிமன்றத்தில் கிடக்கின்றன என்பதை நினைத்தால், சாரைகளின் முறை அப்படி ஒன்றும் மட்டமாகத் தோன்றவில்லை.

சாரைக்கு விஷம் கிடையாது. வாலில் விஷம் என்பதும், பசுவின் காலைக் கட்டிப் பால் குடிக்கும் என்பதும் கட்டுக்கதை. அப்படியானால் காட்டில் இருக்க வேண்டிய ஜந்து மாட்டுக்கொட்டகையில் ஏன் குடித்தனம் செய்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வியே தப்பு. நாம் காட்டை அழித்தபோது அநேகப் பிராணிகள் ஒதுங்கிப் போயின, வாஸ்தவந்தான். ஆனால் சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் இவற்றுக்கு நாம் செய்தது பேருபகாரம். வயல் வெட்டினோம், வரப்புக் கட்டினோம், வேலி போட்டோம், போர் போட்டோம். வயலில் தவளை, வரப்பில் எலி, வேலியில் நிழல், போரடியில் முட்டையிடுவதற்குக் கதகதப்பு. இப்படி ஒரு சத்திரத்தைக் கட்டித் திறந்து வைத்துவிட்டு, விருந்தாளி வருகிறானே என்று கழியை எடுக்கிறோம்.

எலியின் சமாசாரத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. வரப்பில் வளை தோண்டும் எலி மூன்று வாரத்தில் ஈன்றுவிடுகிறது. ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் சர்வ சாதாரணம். தின்பதோடு திருப்தியடையாமல், கதிர்களைக் கத்தரித்து வளைக்குள் களஞ்சியம் வேறு கட்டுகிறது. அறுவடைக்குப் பிறகு ஏழைகள் வளையை வெட்டிப் படிக்கணக்கில் நெல் எடுப்பதைத் தஞ்சைச் சீமையில் பார்க்காதவர் இரார். பூனையும் ஆந்தையும் எலி பிடிப்பதில் கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் அவை வளைக்கு வெளியே காத்திருக்க வேண்டும். பாம்பு உள்ளேயே போய், தாயும் குட்டியுமாக முழுக் குடும்பத்தையும் விசாரித்துவிட்டு வரும். பாம்பு கொஞ்சமாகத்தானே தின்கிறது என்று ஒருவர் என்னிடம் ஆட்சேபித்தார். உண்மை. தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளாத ஜந்துவாகையால், ஓர் எலியை விழுங்கிவிட்டுப் பல நாள் சும்மா கிடக்கும். அதனாலேயேதான், ஒரு பூனைக்குப் போதாத வயலில் பல பாம்புகள் பட்டினியில்லாமல் பிழைக்க முடிகிறது.

இனி ஐப்பசிக்கு வருவோம். மழை வந்து, சம்பா வயல்கள் நிரம்பி நின்றன. அச்சமயம் டெல்டாவில் காய்ந்த இடம் என்பது வரப்பு ஒன்றுதான். எலி அங்கே ஏறுகிறது; எலியைத் தேடிப் பாம்பு ஏறுகிறது; புல் அறுக்க மனிதனும் அதே வரப்பில் நடக்கிறான். ஒரு முழ அகலமுள்ள பாதையில் மூவரும் சந்தித்தால் என்ன ஆகும்?

என் தமக்கையாரிடம் இருபது வருஷமாக வேலை செய்து வரும் பெரியவர், ஒரு நாள் அந்தி மங்கும் நேரத்தில் புற்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வரப்பில் வந்தார். துருத்தி ஊதுவது போல் ஒரு சீறல். உடனே கணுக்காலில் நெருப்பு வைத்தாற்போல் வலி. கண்ணாடி விரியன். சோம்பேறிப் பாம்பு அது. ஆள் அருகே வந்தாலும் ஓடாது. புல்லோடு புல்லாய்க் கிடந்தால் தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அதற்கு. வாஸ்தவத்தில் யாரும் பார்ப்பதில்லை, ஆனால் மிதித்துவிடுகிறார்கள்.

அதன் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. முழங்காலுக்கு மேல் கயிறு போட்டு இறுக்கினார்கள். கடிவாயைக் கத்தியால் கீறினார்கள். பச்சிலை தருகிறவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவற்றில் ஒன்றாவது விஷத்தை இறக்கவில்லை. ஒன்றரை மணி நேரந்தான் இறங்கிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஈறுகளில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் சிறிது இரத்தத்தை ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் ஆடாமல் அசையாமல் வைத்துப் பார்த்தார். உறையவில்லை. இதைக் காட்டிலும் எளிய பரீட்சை வைத்திய சாஸ்திரத்தில் இருக்குமா என்பது சந்தேகம். உடனே விஷமுறிவு மருந்தை நரம்பு வழியாய் ஏற்றினார்கள். உயிர் நின்றது, சிறுநீரகம் நின்றுவிட்டது. பல நாள் இயந்திரத்தின் உதவியால் இரத்தத்தைச் சுத்தி செய்து, ஒரு மாதம் கழித்து வீடு திரும்பினார். இன்றைக்கும் சற்றே சாய்ந்துதான் நடக்கிறார்.

சித்திரையில் அடிபட்ட சாரைக்கும் ஐப்பசியில் கடித்த விரியனுக்கும் நேர்ச் சம்பந்தம் உண்டு என்று சாதிக்க என்னிடம் சாட்சியம் இல்லை. ஆனால் அந்த வருஷம் கொல்லையில் எலி மிகுந்திருந்ததை எல்லாருமே கண்டார்கள். எலி உள்ள இடத்துக்கு ஏதாவது ஒரு பாம்பு வந்தே தீரும். விஷமில்லாத பாம்பை அடித்து ஓட்டினால், அந்த இடம் காலியாயிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

2000-ம் வருஷம் முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லக்ஷம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். அவர்களில் பாதிப் பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் மாண்டவர்கள். பெரும்பாலோர் கிராமத்தில் உழைக்கும் ஜனங்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் இதைக் கவனிப்பாரற்ற வியாதிகளின் ஜாபிதாவில் சேர்த்தது. 2024-ல் இந்திய சர்க்கார், இம்மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க ஒரு திட்டம் வகுத்தது. அதே வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார், பாம்புக் கடிகளை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு செய்தது. பாம்பைப் போற்றுங்கள் என்று எழுதுகிறவன் இந்தப் பிணங்களைத் தாண்டிக்கொண்டு எழுதக்கூடாது. அதனால்தான் இவ்வளவும் சொன்னேன்.

அந்தப் பெரியவரைக் காப்பாற்றிய மருந்து எங்கிருந்து வந்தது? பாம்பிலிருந்துதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைத் தேசம் முழுமைக்கும் வழங்கி வந்திருப்பவர்கள் நம் செங்கற்பட்டுச் சீமை இருளர்கள். ஒரு காலத்தில் தோலுக்காக அவர்கள் பாம்பு பிடித்தார்கள். அத் தோல்கள் கப்பலேறி, சீமைச் சீமாட்டிகளுக்குக் கைப்பையாகவும் செருப்பாகவும் மாறின. அதிலும் சாரைத் தோலுக்கு நல்ல கிராக்கி. 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர்த் தோல் ஏற்றுமதியும் நின்றது. இருளர்களின் அடுப்பும் அதோடு அணைந்தது. அவர்கள் 1978-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்குள்ளேயே அதன் கூடம் இருக்கிறது. பிடித்த பாம்பைச் சுமார் மூன்று வாரம் மண் பானையில் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மறுபடியும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப் பிழைப்புக்காகக் கொன்று வந்த ஜனங்கள் அதே பிழைப்புக்காகக் கொல்லாமலிருக்கக் கற்றுக்கொண்டது சாமானிய விஷயமல்ல. அவர்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2017-ல் அமெரிக்காவிலுள்ள புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். அங்கே ஜனங்கள் வேடிக்கைக்கு வளர்த்துக் கைவிட்ட பர்மா மலைப்பாம்புகள் சதுப்புநிலம் முழுவதும் பெருகிவிட்டன. வேட்டை நாய்களையும் விஞ்ஞானிகளையும் ஏய்த்த பாம்புகளை, இவர்கள் புல்லையும் மண்ணையும் பார்த்தே கண்டுபிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

பட்டணத்து நேயர்கள், "நாங்கள் அடிப்பதில்லை, ஆளைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறோம்" என்பார்கள். நல்ல காரியந்தான். ஆனால் கோணிப்பைக்குள் போன பாம்பு எங்கே போகிறது என்று யாராவது கேட்டதுண்டா? இருபது மைலுக்கு அப்பால் ஒரு காட்டில் விடப்பட்ட வயற்பாம்புக்கு அங்கே வளை எது, நீர் எது, பகை எது என்று தெரியாது. திக்குத் தெரியாமல் அலைந்து, அநேகமாய்ச் சீக்கிரம் மடிகிறது. நம் வீட்டிலோ குப்பைக் குழி அப்படியே, எலி அப்படியே. அடுத்த பாம்புக்கு அழைப்புக் கடிதம் போன மாதிரிதான். பிடித்த இடத்துக்குச் சமீபத்திலேயே, ஆள் நடமாட்டமில்லாத ஓரத்தில் விடுவது தான் அதற்கும் நமக்கும் நல்லது.

என் தமக்கையார் இப்போது சில ஏற்பாடுகள் செய்திருக்கிறார். வைக்கோற்போரை வீட்டிலிருந்து தள்ளிக் களத்து மேட்டுக்கு மாற்றினார். நெல் மூட்டைகள் தகரக் குதிருக்குள் போய்விட்டன. தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலை கட்டாயம். ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிவிட வேண்டும். இது கட்டுவிரியனுக்காக. அது நடுநிசியில் வந்து தூங்குகிறவனைக் கடிக்கும், வலியே இராது, விடியும்போது வயிற்று வலி என்பான், கண்ணிமை திறக்க வராது. கொல்லைக்குப் போகிறவர் கையில் டார்ச் விளக்கு இருக்கவேண்டும் என்பதும் சட்டம். பெரியவருக்கு முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். "இதைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினால் காலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் அம்மா வரவேண்டும்" என்று அவர் அதைப் பரணில் பத்திரப்படுத்தியிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடவுச் சேற்றுக்கேற்ற பாதரட்சை ஒன்றை நம் நாட்டுக் கெட்டிக்காரர்கள் இன்னும் செய்யவில்லை.

போன மாதம் தமக்கையார் டெலிபோனில் கூப்பிட்டார். காய்கறிப் பாத்தியைச் சுற்றி அவர் கட்டியிருந்த நைலான் வலையில் ஒரு பெரிய சாரை மாட்டிக்கொண்டதாம். செதில்களில் நூல் இறுகி, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் இரவெல்லாம் கிடந்திருக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து பழகின ஆள் ஒருவரை வரவழைத்து, கண்ணி கண்ணியாய்க் கத்தரித்து விடுவித்து, நாலு வயல் தாண்டி விட்டார்கள். விடியாத நேரமாகையால் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன், அந்த மூங்கிற்கழி வாலிபன்தானாம். பத்தடி தூரத்திலிருந்து பிடித்தானாம். வலை மறுநாளே கழற்றப்பட்டது.

எதிர் வீட்டுப் பாட்டியார் மட்டும் வாசற்படியில் நின்றபடி, "ஒற்றையாய் இருக்கிறதே, இதற்கு வேஷ்டி விரித்தால் பாதிப் பலனாவது உண்டோ?" என்று விசாரித்தாராம்.