எழுத்துக்கா பஞ்சம், நம் திரையில்?

தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்றை ஒலியை அடக்கிவிட்டுப் பாருங்கள். அடியில் இரண்டு வரிகளில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். ஓர் ஓரத்தில் தங்கம் விலை, இன்னோர் ஓரத்தில் வெயில் அளவு, நடுவே சிவப்புப் பட்டையில் ‘பிரேக்கிங் நியூஸ்’. இத்தனை எழுத்துக்கும் நடுவில் செய்தி வாசிப்பவர் சொல்கிற வாக்கியம் மட்டும் எழுத்தில் இருக்காது.

“மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்ய வேண்டியதுதான், ஆனால் தொலைக்காட்சியில் அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது” என்ற பேச்சு இந்தத் துறையில் ஊறிப்போயிருக்கிறது. அதற்கு அடுக்கப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“இவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?”

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம், அதாவது மக்கள்தொகையில் அரை சதவீதத்துக்கும் கீழே. சேனல்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கணக்கைத்தான். ஆனால் உலக மக்களில் 5 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் செவித்திறன் இழப்புக்கான சிகிச்சையோ உதவியோ தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர்களின் காது மட்டும் பத்து மடங்கு கூர்மையானதா என்ன? “அப்பாவுக்குக் கொஞ்சம் காது மந்தம்” என்று சொல்லும் எந்த வீடும், கணக்கெடுக்க வருபவரிடம் அவரை மாற்றுத்திறனாளி என்று எழுதச் சொல்வதில்லை. அதே 2011இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரி 8.6. மாலைத் தொடர்களின் நிரந்தர ரசிகர்கள் அவர்கள்தாம்.

காது நன்றாகக் கேட்பவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, சப்டைட்டில் பயன்படுத்திய 75 லட்சம் பேரில் 60 லட்சம் பேருக்குச் செவித்திறன் குறைபாடே இல்லை. நம் நாட்டிலேயே 1999இல் குஜராத்தில் தூர்தர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சியில், பாடல் எந்த மொழியோ அந்த மொழியிலேயே வரிகளை ஓடவிட்டார்கள். பிரிஜ் கோத்தாரி முன்னெடுத்த அந்த முயற்சியின் நோக்கம், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களின் வாசிப்பை வளர்ப்பது.

“செலவு கட்டுப்படியாகாது”

செய்தி வாசிப்பவர் சொந்தமாகப் பேசுவதில்லை. டெலிபிராம்ப்டரில் ஓடுவதைப் படிக்கிறார். அந்த எழுத்தை ஏற்கெனவே ஒருவர் தட்டச்சு செய்து முடித்திருக்கிறார். தொடர்களிலும் அப்படித்தான். காலையில் எடுத்ததை அவசரமாக எடிட் செய்து அனுப்பும் தொடரில்கூட, வசனம் படப்பிடிப்புக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. எடிட்டில் வெட்டுப்பட்டதை நீக்கி, மீதியைக் காட்சியின் நேரத்தோடு பொருத்தும் வேலைதான் புதிது. அதற்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வெறும் தானமாகப் போய்விடாது. அப்படிப் பொருத்திய வசனக் கோப்பு கையில் இருந்தால் வேறு மொழி சப்டைட்டிலுக்கும் டப்பிங்குக்கும் அதுவே அடிப்படையாகும்.

சிறிய சேனல்கள் திணறும் என்பது நியாயமான கவலை. சப்டைட்டிலைக் கட்டாயமாக்கிய அமெரிக்கா அதற்கும் வழி கண்டது. ஆண்டு வருமானம் 30 லட்சம் டாலருக்குக் குறைவான சேனல்களுக்கு விலக்கு. மற்றவர்களும் மொத்த வருமானத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இதற்காகச் செலவிட வேண்டியதில்லை. சுமையைச் சக்திக்கு ஏற்பப் பிரிக்கலாம் என்பதற்கு இது சான்று. எல்லோரையும் விட்டுவிட இது காரணமாகாது. கேபிள் கட்டணத்தில் காது கேளாதவருக்குத் தள்ளுபடி யாரும் தருவதில்லையே.

“எழுத்து திரையைக் கெடுக்கும்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேவைப்படுபவர் மட்டும் வரவழைத்துக்கொள்ளும் சப்டைட்டில் 1980 முதல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகிறது.

“நேரலையில் முடியவே முடியாது”

பிபிசி உள்ளிட்ட நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் செய்யும் முறை இது: அமைதியான அறையில் ஒருவர் நேரலையைக் கேட்டு, நிறுத்தற்குறிகளோடு திரும்பச் சொல்கிறார், அவர் குரலுக்குப் பழகிய மென்பொருள் அதை எழுத்தாக்குகிறது. சில நொடி தாமதம் இருக்கும், பிழைகளும் இருக்கும். அமெரிக்காவில் 2014இல் வகுத்த தர விதிகள், சப்டைட்டில் பிழையின்றி, பேச்சோடு ஒத்து, முழுமையாக, படத்தை மறைக்காமல் வரவேண்டும் என்கின்றன. நேரலைக்குச் சற்றுத் தளர்வு உண்டு, முழு விலக்கு இல்லை.

தமிழுக்கு அந்தத் தொழில்நுட்பம் எங்கே என்று கேட்கலாம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, இந்திய மொழிப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களைத் திறந்த மூலமாகவே தந்திருக்கிறது. ஊர்ப்பெயரிலும் எண்களிலும் இயந்திரம் தடுமாறும். திருத்த ஓர் ஆள் வேண்டும். நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாதத்தை எழுத்தில் பிடிக்க முடியாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அது காது கேட்பவர்களுக்கும் புரிவதில்லை.

“சைகை மொழிச் செய்தி போடுகிறோமே?”

போடுவது நல்லது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கி நிற்கிறார், அவர் கைகளின் மேல் எழுத்துப் பட்டை ஓடுகிறது. சைகை மொழியில் விரல்களோடு முகபாவமும் இலக்கணம். முகம் தெரியாவிட்டால் கேள்வியா, செய்தியா என்றே பிரிக்க முடியாது.

தவிர, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. பிறவியிலேயே கேளாத பலருக்கு சைகை மொழிதான் முதல் மொழி. வேகமாக ஓடும் தமிழ் வரிகள் அவர்களுக்குச் சிரமம். ஐம்பது வயதுக்கு மேல் கேட்கும் திறனை இழந்தவருக்கோ சைகை தெரியாது; எழுத்துதான் துணை. இருவரும் வேறு வேறு பார்வையாளர்கள்.

“பார்வையற்றவர்களுக்குக் காதால் கேட்டால் போதாதா?”

தொடரில் கதவு திறக்கிறது. இடி முழக்கம்போல் பின்னணி இசை. அத்தை முகம், மருமகள் முகம், மறுபடியும் அத்தை முகம். யாரும் வாய் திறக்கவில்லை, விளம்பர இடைவேளை வந்துவிடுகிறது. வந்தது யார் என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. வசனங்களுக்கு இடையிலுள்ள மௌனத்தில் காட்சியைச் சொல்லும் குரல், அதாவது ஒலி விவரிப்பு, வேண்டும் என்பது இதற்காகத்தான். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1990 முதல் அது உண்டு. 2015இல் நெட்ஃபிளிக்ஸ் ‘டேர்டெவில்’ தொடரை வெளியிட்டபோது அந்தக் குரல் இல்லை. இத்தனைக்கும் கதாநாயகனே பார்வையற்ற வழக்கறிஞர். எதிர்ப்பு எழுந்தது, சில நாள்களிலேயே சேர்த்தார்கள். கண்ணால் காண்பதைச் சொல்லால் காட்டுவது நமக்குப் புதிதும் அல்ல. சேப்பாக்கம் டெஸ்டை வானொலித் தமிழ் வர்ணனையில் ‘பார்த்த’ தலைமுறை இன்னும் இருக்கிறது.

காசே செலவாகாத ஒன்றும் உண்டு. வெள்ளமோ புயலோ வந்தால், “திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்” என்கிறார்கள். அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தால் போதும்.

“சட்டம் கட்டாயப்படுத்தவில்லையே?”

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகை மொழி, சப்டைட்டில் மூன்றுக்கும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் தொலைக்காட்சிக்கான அணுகல் தரநிலைகளை வெளியிட்டது. அவை செவித்திறன் குறைந்தோருக்கு மட்டுமானவை. சட்டத்தில் உள்ள ஒலி விவரிப்பு தரநிலையில் விடுபட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு முரண் என்று கூறி, கட்டாயமான குறைந்தபட்ச விதிகளை வகுக்கச் சொன்னது. விருப்பமிருந்தால் செய்யலாம் என்ற காலம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

விதியை அமல்படுத்துவது எப்படி என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2021 செப்டம்பரில் ஒளிபரப்பு மையம் ஒன்றில் நேர்ந்த விபத்தால் பிரிட்டனின் சேனல் 4 வாரக்கணக்கில் சப்டைட்டில் இல்லாமல் தவித்தது. விபத்துதானே என்று ஆஃப்காம் விட்டுவிடவில்லை. உரிம நிபந்தனையை மீறியதாக 2022இல் அறிவித்தது.

இங்கும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஒவ்வொரு சேனலும் மாதத்தில் எத்தனை மணி நேரம் சப்டைட்டிலோடும் சைகை மொழியோடும் ஒலி விவரிப்போடும் ஒளிபரப்பியது என்பதைப் பொதுவில் வைக்க வேண்டும், அந்தக் கணக்கு உரிமப் புதுப்பிப்போடு சேர வேண்டும். தரத்தைச் சோதிக்கும் வேலையைக் காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். சப்டைட்டில் ஓடியதா என்று சேனல் சொல்லலாம். புரிந்ததா என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம்.