கணையத்தில் ஒரு வாத்தியார்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், நம்மிடம் முன்பு படித்த மாணவன் ஒருவனின் தாயார் நம் வீட்டுக்கு வந்திருந்தார். பையனுக்கு இருபது வயது, ஒல்லியான தேகம். நீரிழிவு என்று வைத்தியர் கூறிவிட்டபடியால் நாள்தோறும் இன்ஸுலின் ஊசி போட்டுக் கொள்கிறானாம். "பண்டிகைக்குப் பண்டிகை நான் செய்து கொடுத்த பட்சணந்தான் பிள்ளைக்கு எமனாயிற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று அந்த அம்மாள் கண் கலங்கினார். பையனின் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் முப்பது வயதுக்குள்ளேயே இதே வியாதி கண்டது என்பதைப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். நமக்கோ அந்த ஒரு வாக்கியமே காதில் தங்கிவிட்டது.

இன்ஸுலின் செய்வதற்குரிய மரபணு கணையத்தில் மட்டும் இருப்பதென்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. நம் கண்ணிலும் தோலிலும் உள்ள உயிரணுக்களிலும் அது இருக்கிறது. ஆனால், அங்கே அது மூடிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தின் எல்லா வகுப்புகளுக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, எந்த வகுப்பில் எந்தப் பாடத்தைத் திறப்பது என்பதை வாத்தியாரிடம் விட்டுவிட்டதைப் போன்ற ஏற்பாடு இது. மரபணுக்கள் இவ்வாறு திறப்பதும் மூடுவதுமாக இயங்குகின்றன என்பதைப் பாரிஸ் நகரத்து ஜாக்கோப், மோனோ என்னும் இருவர் 1961-ல் விளக்கிக் காட்டினார்கள். பாலிலுள்ள சர்க்கரை கிடைக்கும்போது மாத்திரம் அதை ஜீரணிக்கும் பொருளைத் தயாரிக்கிற ஒரு பாக்டீரியாவை வைத்துக்கொண்டுதான் அவர்கள் இந்த ரகசியத்தை அறிந்தார்கள். அங்கும் சர்க்கரைதான், வேடிக்கையாக இல்லையா?

1996-ல் சிகாகோ ஸர்வகலாசாலையைச் சேர்ந்த கிரேம் பெல்லும் அவருடைய துணைவர்களும், இளவயதில் தோன்றித் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒருவகை நீரிழிவின் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். பழுது இன்ஸுலின் மரபணுவில் இல்லை. பிற மரபணுக்களைத் திறந்து வைக்கும் ஒரு புரதத்தைச் செய்கிற மரபணுவில் இருந்தது. அந்தப் புரதத்தின் பெயர் எச்.என்.எஃப்.1 ஆல்ஃபா. முதலில் ஈரலில் அறியப்பட்டதால் ஈரலின் பெயரையே சுமந்துகொண்டிருக்கும் இது, கணையத்திலும் சிறுநீரகத்திலும் வேலை பார்க்கிறது. பாடம் சரியாக இருக்கிறது, வாத்தியாரிடத்தில்தான் கோளாறு! சிறுநீரகத்தில் வடிந்து செல்லும் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சும் மரபணுவையும் இதே வாத்தியார்தான் நடத்துகிறார். ஆகையால் இக்குடும்பத்தாரில் சிலருக்கு, இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் சர்க்கரை காணப்படுகிறது.

இதை அறிந்ததனால் நோயாளிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணையத்தின் பீட்டா அணு சர்க்கரையை உட்கொண்டு, எரித்து, அதன் பிறகே இன்ஸுலினை வெளிவிடுகிறது. எச்.என்.எஃப்.1 ஆல்ஃபா பழுதுபட்டவர்களுக்கு அந்த ஆரம்பப் படிகளில்தான் தடங்கல். சல்ஃபோனைல்யூரியா என்னும் பழைய இனத்து மாத்திரைகளோ வாசல் வழியே வராமல் கொல்லைப்புறமாக நுழைந்து, இன்ஸுலினை நேரே வெளியேற்றிவிடுகின்றன. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்து ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழுவினர் இதைச் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். இவ்வகை நோயாளிகளுக்கு, மெட்ஃபார்மினைக் காட்டிலும் கிளிக்ளஸைட் மாத்திரை 5.2 மடங்கு அதிகமாகச் சர்க்கரையைக் குறைத்தது. வருஷக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் மாத்திரைக்கு மாற முடிந்தது.

இது எங்கேயோ வெள்ளைக்காரர் வீட்டுக் கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. சென்னையில் டாக்டர் வி. மோகன், ராதா முதலியோர் தென்னிந்திய நோயாளிகள் 96 பேரிடம் இந்த மரபணுவை ஆராய்ந்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதுவரை அறியப்படாத மாறுதல்கள் சில கிடைத்தன. அவற்றுள் ஒன்று மரபணுவுக்கு உள்ளேயே இல்லை. அதைத் திறக்கும் முகப்புப் பகுதியில் இருந்தது. வாத்தியாரை வகுப்புக்கு அழைக்கும் மணியிலேயே பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் அந்த அம்மாளிடம் நாம் சொல்லிவிடவில்லை. பையனுக்கு வந்திருப்பது இந்த வகைதான் என்று சொல்லவும் நமக்கு அதிகாரமில்லை. நீரிழிவுக்காரரில் மிகச் சிலருக்கே இது உண்டு. இளவயதில் வரும் வேறொரு நீரிழிவில் ஊசியைத் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, "ஊசியை ஒரு நாளும் தவறவிடாதீர்கள், மூன்று தலைமுறை விவரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் வைத்தியரிடம் கொடுங்கள், மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பட்சணத்தின் மேல் பழி போட வேண்டாம்" என்று மட்டும் சொன்னோம். அம்மாளின் முகம் சற்றுத் தெளிந்தது.

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பி நின்றார். வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாளாம், பதினெட்டு வயது. "அவளுக்கும் இருக்குமோ?" என்று கேட்டார். இந்த வகையாக இருந்தால் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம் உண்டு என்றோம். "அப்படியானால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா, ஸார்?" என்றார். முதலில் வைத்தியரைப் பாருங்கள் என்றோம். அவர் கேட்டது அதையல்ல என்பது நமக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.