எங்கட ட்ரை ட்ராக் எங்கை?

போன வருசம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மூன்று பாட்டு றெக்கோர்ட் பண்ணினோம். கிற்றார் வாசித்தவன் இப்ப கனடாவில. போய் ஏழு மாதமாகுது. இரண்டாவது பாட்டின் நடுவில அவன் ஒரு 16 பார் தனியாக வாசித்திருப்பான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லாரும் மூச்சு விடாமல் நின்று கேட்ட 16 பார் அது. இண்டைக்கு அதைப் போட்டுக் கேட்டால், ஏதோ பெரிய கலியாண மண்டபத்துக்குள்ள அவன் வாசிக்க, நாங்கள் கேற்றடியில செருப்போட நிற்கிற மாதிரி இருக்கு. அவ்வளவு ரிவேர்ப். அதுக்கு மேல ஒரு டிலே. விரல் தந்தியில படுகிற சத்தம் எங்கேயோ அடியில புதைஞ்சு போச்சு.

மிக்ஸைத் திருத்துவம் எண்டு ஸ்ரூடியோவுக்குப் போய்க் கேட்டோம். “அண்ணை, இபெக்ற் இல்லாத கிற்றார் ட்ராக் இருந்தால் தாங்கோ.”

“தம்பி, அப்பிடி ஒண்டு நாங்கள் எடுக்கிறேல்ல. சவுண்ட் நல்லா வந்திருக்குத்தானே, பிறகென்ன?”

பிறகு நிறைய இருக்கு அண்ணை. அதைத்தான் இங்க எழுதுகிறோம்.

ட்ரை சிக்னல் எண்டு நாங்கள் சொல்கிறது, கிற்றாரின் பிக்கப்பில் இருந்து கேபிள் வழியாக நேரே இன்ரபேஸுக்குள் வருவதை. அதில கையும் தந்தியும் பிக்கப்பும் மட்டும்தான் இருக்கு. அம்ப் இல்லை, பெடல் இல்லை. தனியாகக் கேட்டால் அழகில்லாமல், ஒல்லியாக, ரப்பர் பாண்டை இழுத்து விட்ட மாதிரித்தான் இருக்கும். அதனாலதான் கனபேர் அதைக் குப்பை எண்டு நினைக்கினம். ஆனால் அந்த ஒல்லியான சத்தத்தில இருந்து எந்த அம்புக்கும், எந்தப் பெடலுக்கும், எத்தனை தரமும் போகலாம். மற்றப் பக்கம் திரும்பி வர ஏலாது. டிஸ்ரோஷன் அலையின்ர உச்சியை வெட்டிப்போடும், வெட்டின துண்டு எங்கேயும் சேமிக்கப்படுகிறதில்லை. ரிவேர்ப் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடுத்த ஸ்வரத்துக்கு மேல பூசிவிடும். குழம்பில கரைஞ்ச உப்பைத் திரும்ப எடுக்க ஏலுமெண்டால் இதையும் எடுக்கலாம். ரிவேர்பைக் குறைக்கிற பிளகின்கள் இப்ப வந்திருக்குத்தான். நாங்களும் போட்டுப் பார்த்தோம். ரிவேர்பும் குறைஞ்சுது, கிற்றாரும் செத்துப்போச்சு.

சரி, அந்த ட்ரை ட்ராக்கை வைத்திருக்க எவ்வளவு செலவு? 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ், மோனோ. ஒரு நிமிசத்துக்கு 8.64 மெகாபைற். ஐந்து நிமிசப் பாட்டுக்கு ஏறக்குறைய 43 மெகாபைற். வட்ஸ்அப் குறூப்பில வந்து விழுகிற சாமத்தியவீட்டு வீடியோ அதைவிடப் பெரிசு. மணித்தியாலத்துக்குக் காசு வாங்குகிற இடம் 43 மெகாபைற்றுக்குப் பஞ்சம் பார்க்கிறதை என்னெண்டு விளங்கிக்கொள்கிறது?

“எங்கட செற்றிங் எங்கட தொழில் ரகசியம்” எண்டு இன்னொரு இடத்தில சொன்னார்கள். இதுதான் எங்களுக்கு விளங்கவே இல்லை. ட்ரை ட்ராக்கில உங்கட ரகசியம் ஒரு துளியும் இல்லையே! உங்கட அம்ப், உங்கட ரிவேர்ப், உங்கட இருபது வருச அனுபவம் எல்லாம் இருக்கிறது மற்ற ட்ராக்கில. இதில இருக்கிறது எங்கட பெடியன்ர கை மட்டும். அதைத்தான் கேட்கிறோம்.

எங்கட பிழையையும் சொல்லத்தான் வேணும். அண்டைக்குக் காசு கட்ட முதல் நாங்கள் கேட்கவில்லை. கேட்கவேணும் எண்டே தெரியாது. ஹெட்போனில ரிவேர்போட கேட்டவுடன “ஆ, சுப்பர்” எண்டு தலையாட்டினது நாங்கள்தான்.

இப்ப மற்றப் பக்கத்து ஆட்களுக்கு வருவோம். யூரியூப் பார்த்துப் படித்த ஒரு கூட்டம் இருக்கு (அதிலதான் நாங்களும் கொஞ்சக் காலம் இருந்தோம்). அவர்களின் வேதம்: ட்ரையாக மட்டும் எடு, மிச்சமெல்லாம் பிறகு பார்க்கலாம். இதுவும் பிழை. இன்ரபேஸில டைரக்ற் மொனிற்றரை அமத்திவிட்டு, அந்த ரப்பர் பாண்ட் சத்தத்தைக் கேட்டபடி ஒருத்தனை வாசிக்க விட்டுப் பாருங்கோ. கை இறுகும். ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் இழுக்கிறது, எங்கை உள்ளங்கையை வைத்து அமத்துகிறது, எங்கை விடுகிறது எல்லாத்தையும் காதுதான் கைக்குச் சொல்லுது. டிஸ்ரோஷனில நீண்டு நிற்கிற ஸ்வரம் ட்ரையில உடனே செத்துப்போகும், வாசிக்கிறவன் பயந்து அடுத்ததுக்கு ஓடுவான். பிறகு நீங்கள் எந்த அம்பைப் போட்டாலும் அந்த ஓட்டம் ஓட்டம்தான்.

யூ2வின் 1987ஆம் ஆண்டுப் பாட்டு “வெயர் த ஸ்ட்ரீற்ஸ் ஹவ் நோ நேம்” கேட்டிருப்பியள். அதில எட்ஜ் வாசிக்கிறது டிலேயோட சேர்ந்துதான் பாட்டாகுது. அவர் அடிக்கிற ஸ்வரங்களுக்கு இடையில டிலே தன்ர ஸ்வரங்களைப் போடுது. டிலேயைக் கழற்றினால் மிஞ்சுகிறது பாதி வசனம். பீற்றில்ஸின் “ரெவலூஷன்” 1968. கிற்றாரை அம்பில்லாமல் நேரே மிக்சிங் டெஸ்க்கில குத்தி, பிரிஅம்பைத் தாங்கேலாத அளவுக்கு முறுக்கி எடுத்த சத்தம் அது. டெஸ்க்கில குத்தினால் சுத்தமான சத்தம்தான் வரும் எண்டு நம்புகிறவர்கள் அதை ஒருக்கா சத்தமாகப் போட்டுக் கேட்கட்டும். இந்த இரண்டு பாட்டிலும் இபெக்ற் பிறகு தடவின பவுடர் இல்லை, வாசிப்பே அதுதான்.

அதனாலதான் இரண்டையும் எடுங்கோ எண்டு கத்துகிறோம். வாசிக்கிறவன் கேட்ட சத்தம் ஒரு ட்ராக்கில, அவன்ர கை மற்ற ட்ராக்கில, ஒரே நேரத்தில.

“எங்களிட்ட இரண்டு இன்புட் உள்ள சின்ன இன்ரபேஸ்தான் இருக்கு” எண்டு சாட்டுச் சொல்ல வேண்டாம். இரண்டு காணும். டிஐ பொக்ஸ் ஒண்டு இருந்தால் கிற்றாரை அதில குத்துங்கோ. அதில இருந்து ஒரு கேபிள் இன்ரபேஸுக்கு, ‘த்ரூ’ எண்டு போட்ட ஓட்டையில இருந்து மற்றக் கேபிள் பெடலுக்கும் அம்புக்கும். அம்புக்கு முன்னால மைக், அந்த மைக் இரண்டாவது இன்புட்டுக்கு. முடிஞ்சுது. மல்ரி இபெக்ற்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் மனுவலை ஒருக்காவெண்டாலும் திறந்து பாருங்கோ. லைன் 6 ஹீலிக்ஸ் மாதிரியான பெட்டிகளில யூஎஸ்பி வழியாகவே ட்ரை சிக்னல் தனியாக வரும். ஹீலிக்ஸில அது 7ஆம், 8ஆம் வழி. காசு கொடுத்து வாங்கி, அதைத் தொடாமலே வருசக்கணக்கில வைத்திருக்கிற பெடியளை எங்களுக்குத் தெரியும்.

அம்பே இல்லை, கொம்பியூற்றர் மட்டும்தான் எண்டால் இன்னும் சுகம். ட்ராக்கில அம்ப் பிளகினைப் போட்டுக் கேட்டபடி வாசித்தால், காதுக்கு வருவது அம்ப் சத்தம், டிஸ்க்கில பதிவது ட்ரை. நியூரல் அம்ப் மொடலர் எண்டு திறந்த மூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்குது, களவாக இறக்கத் தேவையில்லை. பஃபர் 128இல வைத்தால் 48 கிலோஹேர்ட்ஸில ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெக்கன். போக, வர, மற்றச் சில்லறைத் தாமதம் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலான கைகளுக்கு உறைக்காது. ஆனால் இந்த வழியில போகிறவர்கள் மறக்கிற ஒண்டு இருக்கு. எடுத்து முடிந்த அண்டைக்கே அந்த அம்ப் சத்தத்தையும் தனி ட்ராக்காக றெண்டர் பண்ணி வையுங்கோ. பிளகினின் ட்ரையல் முடியும். லப்ரொப் மாறும். இரண்டு வருசத்தால பழைய புறொஜெக்ற்றைத் திறக்க “பிளகின் கிடைக்கவில்லை” எண்டு ஒரு சாம்பல் பெட்டி வந்து நிற்கும். அண்டைக்குக் கேட்ட சத்தம் போச்சு.

ட்ரையை எடுக்கிறதெண்டால் ஒழுங்காக எடுக்கவேணும். இன்ரபேஸில ‘இன்ஸ்ற்’ அல்லது ‘ஹை-இசட்’ எண்டு ஒரு பட்டன் இருக்கும், அது எரியவேணும். சாதாரண கிற்றார் பிக்கப்புக்கு ஏறக்குறைய 1 மெகா ஓம் உள்ள இன்புட் தேவை. லைன் இன்புட்டில 10, 50 கிலோ ஓம் அளவுதான் இருக்கும், அதில குத்தினால் மேல் சத்தமெல்லாம் மங்கிப்போகும், அம்ப் போட்டாலும் போர்வைக்குள்ள இருந்து கேட்கிற மாதிரித்தான். லெவலைச் சிவப்புக்கு விடவேண்டாம். ஆகச் சத்தமாக அடிக்கும்போது -12 டெசிபலடியில நிண்டால் காணும், 24 பிற்றில அதுக்கு மேல ஏற்றுகிறதால ஒரு இலாபமும் இல்லை.

எங்கட வீடுகளில இன்னொரு பிரச்சினை, இரைச்சல். கனவீட்டில பிளக் பேஸில எர்த் ஒழுங்காக இல்லை, இருந்தாலும் இரண்டு பின் அடப்ரரைப் போட்டு அதை வெட்டிவிடுகிறோம். ட்ரையில மெல்லிசாகக் கேட்கிற ‘ம்ம்ம்’, டிஸ்ரோஷன் போட்டவுடன தேனீக்கூடு மாதிரி எழும்பும். லப்ரொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றறியில எடுத்துப் பாருங்கோ, பாதி இரைச்சல் அதோட போகலாம். கிற்றாரைப் பிடித்தபடி இருந்த இடத்திலேயே கொஞ்சம் திரும்பிப் பாருங்கோ, மிச்சமும் குறையும். ஃபானையும் நிப்பாட்டுங்கோ. வேர்க்கும்தான்.

இப்படி எடுத்த ட்ராக்கை எப்பவாவது ஒரு நல்ல அம்ப் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், ரீஅம்ப் பொக்ஸ் வழியாக அம்புக்குள்ள விட்டு மைக்கில திரும்ப எடுக்கலாம். இன்ரபேஸில இருந்து வருகிற பலமான லைன் சிக்னலைக் கிற்றார் அளவுக்கு இறக்கித் தருகிற பெட்டி அது. அம்புக்கு ஆள் மாறினது தெரியாது, கிற்றார் வந்து குத்திவிட்டது எண்டு நினைக்கும். வாசித்தவன் எந்த நாட்டில இருந்தாலும் சரி.

அதுதான் விசயம். வேற ஊர்களில பாண்டுகள் சண்டை பிடித்து உடையும். எங்கட பாண்டுகள் விசா வந்து உடையுது. ரிதம் வாசித்தவன் கட்டாரில, பேஸ் வாசித்தவள் மெல்பேர்னில படிக்கிறாள், இப்ப இவன் கனடாவில. எங்களுக்கு “அடுத்த மாசம் திரும்ப எடுப்பம்” எண்டு ஒண்டு இல்லை. ஒரு பின்னேரம் ஒரு அறைக்குள்ள ஒருத்தன் வாசித்தது மட்டும்தான் எங்களிட்ட மிஞ்சுது. அதுக்கு மேல இன்னொருத்தர் தன்ர ருசிக்கு ரிவேர்பை ஊற்றி, கீழ இருந்ததை வைத்திருக்கவும் இல்லை எண்டு சொல்லும்போது, எங்களுக்கு வருகிற கோபம் தொழில்நுட்பக் கோபம் இல்லை.

கனடாக்காரன் திரும்ப வாசித்து அனுப்பினான். வேலை முடிந்து வந்து, இரவு 11 மணிக்கு, கீழ் வீட்டில ஆட்கள் நித்திரையாம் எண்டு ஹெட்போனோட. ட்ரையும் வெட்டும் இரண்டு பைல், பெயரெல்லாம் ஒழுங்காகப் போட்டு. நேரம் பிசகவில்லை, ஒரு ஸ்வரமும் தப்பவில்லை. “மச்சான், எல்லாம் சரி, ஆனா அது இதில்ல, என்ன?” எண்டு கீழ அவனே எழுதியிருந்தான். நாங்கள் பழையதையே வைத்துக்கொண்டோம், ரிவேர்போட.

இந்த மாசம் நாலாவது பாட்டு எடுக்கிறோம். ஸ்ரூடியோ இல்லை, எங்கட ட்ரம்ஸ்காரன் வீட்டு முன் அறை. கிற்றார் ஒரு புதுப் பெடியன், வயசு 19. இரண்டு கேபிள், இரண்டு ட்ராக். சார்ஜர் கழற்றியாச்சு. சனிக்கிழமை பின்னேரம் எண்டால்தான் அவனுக்கு வசதி, காலமையில ஐஈஎல்ற்ஸ் வகுப்பு இருக்காம்.