ஓட்டலின் படம் அழகு! காசு கொடுத்தது யார்?

பளபளப்பான தாளில் ஒரு படம். பழைய காலத்துக் கல் வீடு. சுவரெல்லாம் ரோஜாக் கொடி. எதிரே ஏரி. வீட்டில் இருப்பது பத்துப் பன்னிரண்டு அறைகள்தான். படத்தின் கீழே நாலு வரி வருணனை. பார்த்தவுடன் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடலாமா என்று தோன்றும்.

பிரான்சிலும் இங்கிலாந்திலும் நாட்டுப்புறத்தில் இருக்கும் சின்னஞ்சிறு சொகுசு ஓட்டல்களைப் பற்றி இப்படிப் பல வழிகாட்டி நூல்கள் வந்திருக்கின்றன. ஓர் இரவுத் தங்கலுக்கே பெருந்தொகை கேட்கும் இடங்கள் இவை. முன்பின் பார்க்காத ஊரில் அவ்வளவு பணத்தைச் செலவிட ஒருவர் துணிகிறார் என்றால், அது நூலை நம்பித்தான்.

ஆனால், அந்த நூலுக்குக் காசு கொடுத்தவர் யார்? வாசகரா, ஓட்டல்காரரா? இதற்கு விடை தெரிந்தால்தான் நூலின் மதிப்புத் தெரியும்.

டயர் விற்க வந்த நூல்

1900-ம் ஆண்டு. பிரான்ஸ் நாடு முழுவதும் ஓடிய மோட்டார் கார்கள் சில ஆயிரம்தான். டயர் தொழில் நடத்திவந்த ஆந்த்ரே மிஷ்லின், எட்வார் மிஷ்லின் என்ற சகோதரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். கார் ஓடினால்தானே டயர் தேயும்? டயர் தேய்ந்தால்தானே புது டயர் விற்கும்?

பெட்ரோல் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம் என்ற விவரங்களை ஒரு சிறு நூலாக அச்சிட்டார்கள். சுமார் 35 ஆயிரம் பிரதிகள். எல்லாம் இலவசம்!

இருபது ஆண்டுகள் சென்றன. ஒரு டயர் கடையில் மேசை ஆடாமல் இருக்க அந்த நூலை முட்டுக் கொடுத்திருந்ததை ஆந்த்ரே பார்த்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. சும்மா கிடைத்த பொருளுக்கு மதிப்பில்லை என்று அவர் உணர்ந்தாராம். 1920-ல் நூலுக்கு 7 பிராங்க் விலை வைத்தார்கள். அதிலிருந்த விளம்பரங்களையும் நீக்கினார்கள். தாங்கள் யார் என்பதைச் சொல்லாமல் சாப்பிட்டு, பில்லுக்குப் பணமும் கொடுத்துவிட்டு வரும் சோதனையாளர்கள் பின்னர் வந்தார்கள்.

அந்தச் சிவப்பு அட்டை நூலில் அழகான படங்கள் இல்லை. சின்னங்கள்தான் இருந்தன. அமைதியான ஓட்டல் என்றால் ஓர் ஆடும் நாற்காலி, அவ்வளவுதான்!

எட்டு ஓட்டல்களின் கூட்டு

படங்களுக்குப் பெயர் போன நூல் வேறு வழியில் பிறந்தது. ரோன் ஆற்றங்கரையில் ஓட்டல் நடத்திய மார்செல் தில்வா, நெல்லி தில்வா தம்பதியர், 1954-ல் பாரிசிலிருந்து நீஸ் நகருக்குப் போகும் வழியில் இருந்த எட்டு விடுதிகளை ஒன்று சேர்த்தார்கள். அதுவே வளர்ந்து "ரெலே எ ஷாத்தோ" என்ற சங்கம் ஆயிற்று. இன்று உலகெங்கும் 500-க்கு மேற்பட்ட ஓட்டல்களும் உணவகங்களும் அதில் உறுப்பினர்கள்.

சங்கம் நடப்பது உறுப்பினர் சந்தாவில். எனவே அதன் நூலும் உறுப்பினர்களின் நூல். சேருவதற்குக் கடுமையான சோதனை உண்டு என்பது உண்மை. ஆனாலும் காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? குறையைத் தேடி அந்த நூலைப் புரட்டினால் குறை கிடைக்காது.

இங்கிலாந்தில் 1982-ல் தோன்றிய ஜொஹான்சன்ஸ் நூலும் ஏறக்குறைய இதே வழிதான். சோதனையில் தேறிய ஓட்டல் கட்டணம் கட்டி இடம் பெறும்.

கட்டணம் வாங்குவதால் நூல் பொய் சொல்கிறது என்று ஆகாது. மோசமான இடங்களைச் சேர்த்தால் அதன் பெயர்தான் கெடும். சிக்கல் சொன்னதில் இல்லை. சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. மாடிப்படி செங்குத்து, கொல்லைப்புறத்தில் பெரிய சாலை, சாப்பாடு சுமார் என்பதைக் காசு கொடுத்தவரின் முகத்துக்கு நேரே யார் எழுதுவார்?

வாசகர்கள் எழுதிய நூல்

எழுதத்தான் வேண்டும் என்று கிளம்பியவர் ஹிலரி ரூபின்ஸ்டைன். லண்டனில் எழுத்தாளர்களின் முகவராக இருந்தவர். 1978-ல் அவர் தொடங்கிய "குட் ஓட்டல் கைடு" ஓட்டல்களிடம் காசும் வாங்கவில்லை. இலவசத் தங்கலும் ஏற்கவில்லை. தங்கிவிட்டு வந்த வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். புகழ்ச்சியோடு புகாரும் அச்சேறியது.

ஆனால், இந்த வழிக்கும் ஒரு சங்கடம் வந்தது. இணையதளங்கள் பெருகிய பிறகு காசு கொடுத்து நூல் வாங்குவோர் குறைந்தனர். புத்தகத்தில் இடம் பெறக் கட்டணம் இல்லை என்றாலும், இணையதளத்தில் முழு விவரம் வெளியிட ஓட்டல்கள் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு பின்னர் வந்தது. வாசகர் கை விரித்தால் நேர்மைக்கும் நெருக்கடிதான்!

ஓட்டல்காரர் என்ன செய்வார்?

பன்னிரண்டு அறை வைத்திருப்பவரால் பெரிய கம்பெனிகளைப் போல ஊரெங்கும் விளம்பரம் செய்ய முடியாது. நூலில் வரும் ஒரு பக்கமே அவருக்குப் பிழைப்பு. ஆனால் புகழ் மட்டும் போதாது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பிரான்சிஸ் கோல்சன் 1949-ல் திறந்த ஷாரோ பே, நாட்டுப்புற மாளிகை ஓட்டல்களுக்கெல்லாம் முன்னோடி என்று பெயர் பெற்றது. அதுவும் 2020-ல் மூடப்பட்டது. பழைய நூலில் படம் இருக்கிறது; வாசலில் பூட்டு!

இன்றைய நிலை

2024-ல் மிஷ்லின் ஓட்டல்களுக்கு ஒன்று முதல் மூன்று சாவிகள் வரை வழங்கத் தொடங்கியது. அதன் இணையதளத்திலேயே அறையும் பதிவு செய்யலாம். தரம் சொல்பவரும் அறை பிடித்துத் தருபவரும் ஒருவரே ஆகும்போது, பழைய கேள்வி மறுபடி எழுகிறது.

பொய் மதிப்புரைகளையும், சலுகை பெற்று எழுதியதை மறைப்பதையும் பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் சட்டம் தடை செய்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கட்டணம் வாங்கியதாக வெளிப்படையாகச் சொல்லும் நூலைச் சட்டம் ஒன்றும் செய்யாது. அதைப் படித்துப் பார்க்க வேண்டியவர் வாசகரே.

அந்த விவரம் பெரும்பாலும் முன்னுரையிலேயே இருக்கும். படங்களைப் புரட்டும் அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் பக்கம் அதுதான்!