லேபிளைப் புரட்டுங்கள்

"முப்பதாயிரம் ரூபாய் பைக் ஜாக்கெட்தான் உயிரைக் காக்கும்" என்கிறீர்கள். ஏற்க மாட்டேன். உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். 2020இல் வந்த ஈஎன் 17092 ஐரோப்பியத் தரத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்புகள் உண்டு. சாலையில் உரசும்போது துணியும் தையலும் எவ்வளவு தாங்கும் என்பதை அவைதான் சொல்லும். விலை கூடிய ஜாக்கெட்டுகளிலும் 'ஏ'யோடு நிற்பவை உண்டு. முதுகில் வெறும் ஸ்பாஞ்சை வைத்து விற்கும் கொடுமையும் உண்டு! முழங்கைக் கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஜூல் அடியில் முதல் நிலைக் கவசம் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை விசையை உள்ளே விடலாம். இரண்டாம் நிலைக்கு 20தான் எல்லை. அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுங்கள். மே மாத வெயிலுக்குப் பயந்து ஆணியில் தொங்கும் தோல் ஜாக்கெட்டை அல்ல, தினமும் போடக்கூடிய வலைத்துணி ஜாக்கெட்டைத்தான் என் தம்பிக்கு வாங்கித் தருவேன்.