பின்சீற்றுக்குக் குளிர் வராத வான்

விசுவமடுவைத் தாண்டும்போதே அண்ணாவின் முகம் சிவக்கத் தொடங்கிவிட்டது. புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். வானின் நடுச்சீற்றைக் கழற்றி, மெத்தை விரித்து அவரைக் கிடத்தியிருந்தோம். சித்திரை மாதம், காலை பத்து மணி. தலைமாட்டில் இருந்த அண்ணி துவாயை நனைத்து நனைத்து அவரது கழுத்திலும் நெஞ்சிலும் போட்டுக்கொண்டிருந்தார். கொண்டுபோன ஐந்து லீற்றர் தண்ணீரும் பரந்தனுக்கு முன்பே முடிந்துவிட்டது.

"தம்பி, முன்னுக்கு நல்லாக் குளிருது. பின்னுக்குத்தான் வராது. ஏத்தேக்க சொல்ல மறந்துபோனன்" என்றார் வான்காரர். அவரும் புதுக்குடியிருப்புக்காரர்தான். எங்களிடம் அரைவாசிக் காசுதான் வாங்குகிறவர். கோபிக்க முடியவில்லை.

அண்ணா எனது ஒன்றுவிட்ட சகோதரர். 2009 மாசியில் பட்ட செல் துண்டு அவரது முள்ளந்தண்டு வடத்தைக் கழுத்தடியில் சேதப்படுத்தியது. மார்புக்குக் கீழே உணர்வில்லை, கைவிரல்கள் முழுதாக மடங்காது. இதெல்லாம் பார்ப்பவருக்குத் தெரியும். தெரியாத ஒன்று, அவருக்கு வியர்க்காது என்பது. முள்ளந்தண்டு வடம் மேற்பகுதியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு, பாதிப்புக்குக் கீழேயுள்ள உடலுக்கு மூளையிலிருந்து செல்லும் கட்டளை அறுந்துவிடுகிறது. வெயில் சுடும்போது இரத்தக் குழாய்கள் விரிவதில்லை, வியர்வை சுரப்பதில்லை. உங்களுக்கும் எனக்கும் அசௌகரியமாக இருக்கும் வெப்பம் அவருக்குள் காய்ச்சலைப் போல ஏறிக்கொண்டே போகும். ஆனையிறவு வெளியில் மர நிழல் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் அனல்தான் வந்தது.

அன்று வைத்தியசாலையில் ஐஸ் வைத்து, சேலைன் ஏற்றி, பின்னேரம்வரை வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வெயில் தாழ்ந்த பிறகே திரும்பினோம்.

அதற்குப் பிறகுதான் அந்த வானின் ஏசிக்கு என்ன நடந்தது என்று விசாரிக்கத் தொடங்கினேன். வாகனம் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றித் துடைப்பதோடு என் அறிவு முடிந்துவிடும். கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் சில கராஜ்களில் மணிக்கணக்காகக் குந்தியிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

வானில் இருப்பது இரட்டை ஏசி. இயந்திரத்தின் பெல்ட்டில் சுழலும் ஒரே கம்பிரசர் காஸை அழுத்தித் தள்ளுகிறது. அது கொண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகி, பிறகு இரண்டாகப் பிரிந்து, முன்பக்கக் கூலருக்கும் பின்பக்கக் கூலருக்கும் போகிறது. பின்பக்கத்துக்குப் போய்வரும் அலுமினியக் குழாய்கள் வானின் வயிற்றுக்குக் கீழால் ஓடுகின்றன. முல்லைத்தீவுக் கரையோர உப்புக்காற்று, மாரியில் தேங்கும் வெள்ளம், கிறவல் ஒழுங்கைகளில் தெறிக்கும் கல் எல்லாம் படுவது அதில்தான். பதினைந்து வருடத்தில் ஓரிடத்தில் ஊசித்துளை விழுந்தது.

முதல்தடவை குளிர் குறைந்தபோது "காஸ் இறங்கிட்டுது, அடிச்சா சரி" என்று ஒரு கராஜில் நிரப்பிவிட்டார்கள். நான்கு மாதம் ஓடியது. இரண்டாம் தடவை இரண்டு மாதம். மூன்றாம் தடவை மூன்று கிழமை. மூன்றுக்கும் சேர்த்து முப்பதாயிரத்தை நெருங்கியது செலவு. ஏசிக் காஸ் பெற்றோல் அல்ல, ஓடினால் தீர்ந்துபோவதற்கு. அடைத்த வட்டத்துக்குள் சுற்றும் அதே காஸ் வருடக்கணக்கில் இருக்க வேண்டும். விரைவாகக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் காஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை.

நாலாவது தடவை போன இடத்தில் ஒழுக்கைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தக் குழாய் இல்லை, அலுமினியத்தை ஒட்ட ஆர்கன் வெல்டிங்கும் அங்கே இல்லை. எனவே பின்பக்கக் குழாய்கள் இரண்டையும் வெட்டி, மடக்கி, அடைத்துவிட்டு, முன்பக்கத்துக்கு மட்டும் காஸை ஓடவிட்டார்கள். பின்னுக்கு விசிறி மட்டும் சுற்றுகிறது. மெக்கானிக்கின் பார்வையில் அது கெட்டித்தனமான வேலை, சாரதிக்கும் குளிர் கிடைத்தது. ஆனால் நோயாளி படுத்திருப்பது பின்னுக்கு.

இந்தக் கெட்டித்தனம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலும் பற்றறியும் இல்லாமல் வாழ்ந்த குடாநாட்டில், சித்தப்பாவின் ஓஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்வார், பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை ஒழுங்கையை மறைக்கும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைச்சலில் செய்துகொண்டார்கள், ஒரு வாகனத்தின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தினார்கள். அந்தத் திறமை எங்களை உயிரோடு வைத்திருந்தது. அதைப்பற்றிப் பெருமையாக எழுதப்பட்ட கட்டுரைகளில் ஒன்றிரண்டு என்னுடையவையும்தான்.

ஆனால் அந்த ஏ40இல் ஏசி இருக்கவில்லை. அதில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கையால் தொடலாம். பிழைத்தால் புகைக்கும் அல்லது நிற்கும். ஏசி அப்படியல்ல. குழாயைத் திறந்தால் காற்றோடு ஈரமும் உள்ளே போகிறது, ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்பிரசரை உள்ளிருந்து அரிக்கிறது. அதனால்தான் திறந்தால் ட்ரையரை மாற்ற வேண்டும், வக்கியூம் பம்ப் போட்டு காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்க வேண்டும், பிறகு அந்த வெற்றிடம் அப்படியே நிற்கிறதா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். நான் போன கராஜ்களில் ஒன்றில் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பிரசரையே வக்கியூம் பம்பாகத் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். மண்ணெண்ணெய் கார் பரம்பரையின் நேரடி வாரிசு அது. ஆனால் அது போதிய ஆழத்துக்கு இழுக்கிறதா என்று அளக்கும் மானி அங்கே இல்லை. ஆறு மாதத்தில் கம்பிரசர் இறுகும்போது வாகனக்காரர் பழியைப் போடுவது "சீனாச் சாமான்" மேல்.

யாழ்ப்பாண நகரில் இப்போது ஓடும் அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் நிலைமை இன்னும் சிக்கல். அவற்றின் கம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை. செம்மஞ்சள் நிற வயர்களில் வரும் உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி எண்ணெய் தேவை. சாதாரணக் கார் எண்ணெயை அதற்குள் விட்டால் மின்காப்புப் பழுதாகி, அந்த விலையுயர்ந்த கம்பிரசரே போய்விடும். அதோடு, இந்தக் கார்களின் பெரிய பற்றறி குளிர்வது பயணிகள் இருக்கும் பகுதியின் காற்றை உறிஞ்சித்தான். உள்ளே வெக்கை என்றால் பற்றறிக்கும் வெக்கை. "ஏசி இல்லாமல் ஓடுவம்" என்று காசை மிச்சம் பிடிப்பவர் பற்றறியில் அதை இழக்கக்கூடும்.

இத்தனை பழைய ஏசிகள் ஒரே காலத்தில் கையை விரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து வருடம் நாடு இருந்த வாகனங்களையே ஓட்டியது. இடையில் 2022 வந்தது. இருநூறு ரூபாய்க்குக் கிடைத்த டொலர் சில கிழமைகளில் முந்நூற்றறுபது அளவுக்குப் போனது, இறக்குமதியாகும் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையும் அதோடு ஏறியது. கியூஆர் முறை வந்தபோது வானுக்கு வாரத்துக்குக் கிடைத்தது 20 லீற்றர். ஹயர் ஓடுகிறவர்கள் எரிபொருளை மிச்சப்படுத்த மாதக்கணக்கில் ஏசியைப் போடவில்லை. ஏசியை நீண்டகாலம் ஓடவிடாமல் வைத்தால், எண்ணெய் சுற்றாமல் கம்பிரசரின் சீல் காய்ந்து ஒழுகத் தொடங்கும். அன்று மிச்சம் பிடித்த எரிபொருளுக்கான பில் இப்போது கராஜ்களுக்கு வருகிறது. பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம்.

இறக்குமதி திறந்த பிறகு கொழும்பு ஊடகங்களில் நடந்த விவாதம் எந்தக் கார் எத்தனை மில்லியன் என்பதாகவே இருந்தது. வன்னியில் வான் வைத்து ஹயர் ஓடும் ஒருவருக்கு அந்த விவாதத்தில் இடமில்லை. லீசிங் கட்டி முடித்த பழைய வானை இன்னும் பத்து வருடம் ஓட்ட முடியுமா என்பதுதான் அவரது கேள்வி. அந்த வானை நம்பித்தான் கிளினிக் போகிறவர்களும் நீதிமன்றத்துக்கும் ஆணைக்குழுக்களுக்கும் அலைகிறவர்களும் இருக்கிறார்கள். வாகன ஏசி என்றால் ஆடம்பரம் என்று நினைக்கும் பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் போக்குவரத்து பற்றிய கூட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். சாய்வுப் பாதை, சக்கர நாற்காலி, மலசலகூடம் எல்லாம் பேசப்பட்டன. வெப்பத்தைப் பற்றி ஒருவர் பேசியதாக என் குறிப்புப் புத்தகத்தில் இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

பழுது பார்ப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற காஸ். விலை ஏறும்போது அதன் பெயரில் வேறு காஸும் சந்தைக்கு வரும். சமையல் எரிவாயுவை ஒத்த, தீப்பற்றும் காஸ் கலந்திருந்தால் நன்றாகவே குளிரும். ஒழுகி வாகனத்துக்குள் தேங்கினால் ஒரு தீப்பொறி போதும். 2011இல் குளிரூட்டப்பட்ட கப்பல் கொள்கலன்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் கொள்கலன்களில் 134ஏ என்று நிரப்பப்பட்டதில் மெதைல் குளோரைட் கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருளாக மாறியிருந்தது. சிலிண்டரின் இளநீல நிறத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் கருவி உண்டு. நான் போன கராஜ் எதிலும் அதைக் காணவில்லை, அதன் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவர்தான்.

134ஏயின் விலை இறங்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அது ஓசோனைத் துளைப்பதில்லை, ஆனால் காபனீரொட்சைட்டைவிட 1430 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. அதைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இலங்கை 2018இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி எங்களைப் போன்ற நாடுகளின் நுகர்வு 2024இல் ஓர் உச்ச வரம்புக்குள் நிறுத்தப்பட்டிருக்கிறது, 2029இல் 10 சதவீதம் குறைய வேண்டும், 2045இல் 80 சதவீதம். புதிய கார்களுக்கு வேறு காஸ் வந்துவிட்டது. பழைய வாகனம் அதிகமுள்ள இடங்களே இந்தக் குறைப்பின் விலையைக் கொடுக்கும். கராஜில் காஸைக் காற்றில் திறந்துவிடாமல் இழுத்துச் சேமித்து, சுத்திகரித்து மீண்டும் நிரப்பும் இயந்திரம் இருந்தால் சுற்றாடலுக்கும் நல்லது, வான்காரரின் பொக்கற்றுக்கும் நல்லது. ஆனால் ஒரு சின்னக் கராஜ் தனியே வாங்கக்கூடிய சாமான் அல்ல அது.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் இளைஞர்கள் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் இன்று எங்கள் வாகனங்களைத் திருத்துபவர்கள் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். இடம்பெயர்வில் பள்ளிக்கூடம் நின்றுபோனவர்கள், சான்றிதழ் இல்லாதவர்கள், கராஜைப் பூட்டிவிட்டு வருடக்கணக்கில் படிக்க முடியாதவர்கள். அவர்களுக்குத் தேவை தமிழில், ஞாயிற்றுக்கிழமைகளில், அவர்களது கராஜ்களிலேயே நடக்கும் சில வாரப் பயிற்சி. ஒழுக்குச் சோதனைக்கு நைதரசன் சிலிண்டர், சரியான வக்கியூம் பம்ப், காஸ் மீட்கும் இயந்திரம் ஆகியவற்றை ஒரு மாவட்டத்துக்கு ஒரு பொது இடத்திலாவது வைக்கலாம். ஒரு புதிய சொகுசுக் காரின் விலையில் பல மாவட்டங்களுக்குச் செய்துவிடலாம் என்றே நினைக்கிறேன். யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை.

நான் இதை ஒரு மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "தம்பி, எங்களுக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ. குழாயை அடைச்சது பிழை எண்டு எனக்கும் தெரியும். அண்டைக்கு அந்த வானுக்கு நான் வேற என்ன செய்யிறது?"

அண்ணாவின் அடுத்த கிளினிக் ஆகஸ்ட் நடுப்பகுதியில். பஞ்சிகாவத்தையில் பழைய வானொன்றிலிருந்து கழற்றிய குழாய் ஒரு சோடி இருக்கிறதாம். பஸ்ஸில் பாசலாக வரும் என்று வான்காரர் சொல்லியிருக்கிறார். வந்தாலும் அளவு பொருந்த வேண்டும், பின்பக்கக் கூலர் இத்தனை காலம் அடைபட்டுக் கிடந்ததில் பழுதாகாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடியக்காலை மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, வெயில் ஏறுமுன் வைத்தியசாலை வாசலில் போய் நிற்போம். அண்ணி இப்போதே இரண்டு பெரிய தண்ணீர்க் கான் வாங்கி வைத்திருக்கிறார்.